சாவியை அவசரமாத் தந்த கொம்பனி: ஒரு புது ட்ரக் ட்ரைவரின்ர முதல் மூண்டு கிழமை

இதில வாற தம்பி எனக்குச் சொந்தமில்லை, என்ர மனிசியோட வேலை செய்யிற பிள்ளையின்ர தம்பி. கிளிநொச்சிப் பெடியன், கனடா வந்து நாலு வருசம், பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருக்கு, சிற்றிசன்ஷிப் இன்னும் எடுக்கேல்லை. ஸ்காபரோவில ஒரு வெயார்ஹவுசில இரவு வேலை செய்துகொண்டு ஏழாயிரத்துச் சொச்ச டொலர் கடன் வாங்கி ட்ரக் ஸ்கூல் முடிச்சு 2023 நவம்பரில ஏஇசட் எண்ட பெரிய ட்ரக் லைசென்ஸ் எடுத்தவன். நான் பதினாலு வருசமா ஒன்ராறியோவில ட்ரக் ஓடுறன், அதில கடைசி ஐஞ்சு வருசம் புது ஆக்களைப் பக்கத்தில இருத்திப் பழக்கிற வேலையும் செய்யிறன். அவனுக்கு நடந்ததை அவனோடயே இருந்து திகதி திகதியா எழுதி வைச்சனாங்கள், இப்ப அவன் சம்மதிச்ச பிறகுதான் இதைப் போடுறன். கொம்பனிப் பேர் வேண்டாம், இது ஒரு கொம்பனியின்ர கதை மட்டும் இல்லை எண்டது இந்தத் தொழில்ல இருக்கிற ஆருக்கும் தெரியும்.

முதல்ல அவன் கையில என்ன இருந்தது எண்டு பாப்பம். ஒன்ராறியோவில 2017 ஜூலை 1இல இருந்து ஏஇசட் டெஸ்டுக்குப் போறதுக்கு முதல் 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம், மெல்ட் எண்டு சொல்லுறது, கனடாவிலயே முதல்ல கொண்டு வந்தது ஒன்ராறியோதான். அந்த 103.5இல 36.5 மணித்தியாலம் வகுப்பு, மிச்சம் யார்ட்டிலயும் ட்ரக்குக்குள்ளயும். தம்பி எல்லாம் ஒழுங்காப் போய்ச் செய்தவன், ஸ்கூலையும் குறை சொல்ல ஏலாது. ஆனால் அவன் பழகினது முழுக்க வெறும் ட்ரெய்லரோட, பகல்ல, காய்ஞ்ச ரோட்டில. நாப்பதாயிரம் றாத்தல் சாமானோட ஒரு இறக்கத்தில இறங்கி அவனுக்குப் பழக்கமில்லை, சினோவில, அதாவது கொட்டுற பனியில, ஓடினதில்லை, இரவு ரெண்டு மணிக்கு ஒற்றைப் பாதையில எதிர் லைட்டைப் பாத்து ஓடினதில்லை. லைசென்ஸ் எண்டது ட்ரக்கை ரோட்டில ஏத்தலாம் எண்ட அனுமதி. தொழிலைப் பழக்கிறது முதல் கொம்பனிதான், அதாலதான் அந்த முதல் கொம்பனியில இவ்வளவு கிடக்கு எண்டு நான் கத்திக்கொண்டு திரியிறன்.

டிசம்பர் முதல் கிழமையில மூண்டு இடம் அவனுக்குக் கிடைச்சது. ஒண்டு பெரிய கொம்பனி, புது ட்ரைவருக்கெண்டே ஆறு கிழமை கோச்சோட பழக்கிற திட்டம் வைச்சிருக்கினம், டி4 சம்பளம், அதாவது வேலைக்காரனாப் பதிஞ்சு வரி வெட்டித் தாற சம்பளம், ஆனால் வகுப்பு மாசித் தொடக்கம்தான், ரெண்டு மாசம் காத்திருக்க வேணும். ரெண்டாவது பிராம்ப்டன்ல ஒரு வெயார்ஹவுஸ் யார்ட்டில ஷண்ட் வேலை, அதாவது ட்ரெய்லரை யார்ட்டுக்குள்ளயே டோருக்கு டோர் மாத்தி விடுறது, மணித்தியாலத்துக்கு 24 டொலர். மூண்டாவது, தெரிஞ்ச ஆள் மூலமா வந்த ஒரு சின்னக் கொம்பனி, பதினைஞ்சு பதினாறு ட்ரக், மைலுக்கு 52 சதம், வாற திங்கக்கிழமையே தொடங்கலாம், வரி வெட்ட மாட்டம், ஒரு மாசத்துக்குள்ள உன்ர பேரில ஒரு கோர்ப்பரேஷன் பதிஞ்சு கொண்டு வா.

கடன் கழுத்தில, வீட்டு வாடகை, ஊரில அம்மாவுக்கு அனுப்ப வேணும், ரெண்டு மாசம் காத்திரு எண்டு ஒருத்தரும் அவனுக்குச் சொல்ல ஏலாது. போதாக்குறைக்கு விளம்பரம் எல்லாத்திலயும் "ரெண்டு வருச அனுபவம்" எண்டு கேக்கினம், அது கொம்பனியின்ர கெடுபிடியில்லை, அனேகமா இன்சூரன்ஸ்காரர் போடுற கட்டுப்பாடு, அதைப் பாத்துப் பாத்து மனம் விட்டுப்போன ஒரு பெடியனுக்கு "திங்கக்கிழமை வா" எண்ட சொல்லு எவ்வளவு பெரிசாக் கேக்கும் எண்டு எனக்கு விளங்குது. அவன் மூண்டாவதை எடுத்தான். என்னட்டக் கேட்டது எடுத்த பிறகு.

ரோட் டெஸ்ட் பதினைஞ்சு நிமிசம்

திங்கக்கிழமை காலமை ஆறு மணிக்கு யார்ட். ஓனரின்ர ஆள் ஒருத்தர் பக்கத்தில ஏறி, ப்ளொக்கைச் சுத்தி ஒரு ரவுண்ட், நாலு லைட், ரெண்டு வலது திருப்பம், திரும்பி யார்ட். பாக் அடிச்சு, அதாவது ட்ரெய்லரைப் பின்பக்கமா எடுத்து, காட்டச் சொல்லிக் கேக்கேல்லை. ட்ரக்கைச் சுத்திப் பாக்கிற ட்ரிப் இன்ஸ்பெக்ஷன் செய்து காட்டச் சொல்லிக் கேக்கேல்லை. பதினைஞ்சு நிமிசத்தில இறங்கி "சரி, இரவுக்கு வினிபெக் போகுது, டீமாப் போ" எண்டு சாவி குடுத்திட்டினம்.

இதைக் கேட்ட உடன எனக்கு நெஞ்சு திக் எண்டது. ஒரு கொம்பனி உன்னை எவ்வளவு நேரம் சோதிக்குது எண்டதுதான் அந்தக் கொம்பனி தன்ர ட்ரக்கை, ரோட்டை, உன்ர உயிரை எவ்வளவு மதிக்குது எண்டதுக்கு முதல் அளவுகோல். நான் வேலை செய்யிற இடத்தில ரோட் டெஸ்ட் ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் எடுக்கும். அதில அரை மணித்தியாலம் ட்ரக்கைச் சுத்தி நடந்து ஒவ்வொண்டாத் தொட்டுச் சொல்ல வேணும், பிறகு ட்ரெய்லரைக் கழட்டி மாட்ட வேணும், சாமான் ஏத்தி இறக்கிற டொக்கில பாக் அடிக்க வேணும், ஹைவே ஏறி இறங்க வேணும். கனபேருக்கு அது எரிச்சல், "லைசென்ஸ் இருக்குத்தானே அண்ணை" எண்டு கேக்கினம். அந்த எரிச்சலைத் தாற கொம்பனியைத்தான் நான் புது ஆளுக்குச் சொல்லுவன்.

வினிபெக் ட்ரிப் "ட்ரெயினிங்", அதால அதுக்குக் காசில்லை எண்டு முதலே சொன்னவை. கோச் எண்டு அனுப்பின ஆளுக்கு ஏழு மாச அனுபவம். அவரும் பாவம், அவரையும் ஆரோ இப்பிடித்தான் பழக்கி விட்டிருப்பினம். போகேக்க ரோட் காய்ஞ்சு கிடந்ததால பிரச்சினை இல்லை. திரும்பி வரேக்க மராத்தன் தாண்ட சினோ தொடங்கிட்டுது, கோச் சட்டப்படி ஓடக்கூடிய மணித்தியாலம் முடிஞ்சுது, அவர் பின்னால பங்க்கில ஏறிப் படுத்திட்டார். "மெதுவாப் போ, ஏதும் எண்டால் எழுப்பு." இதுதான் பயிற்சி.

17ஆம் ஹைவேயைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், சுப்பீரியர் ஏரியை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போற ரெண்டு வழிப் பாதை, கன இடத்தில நடுவில தடுப்பு ஒண்டும் இல்லை, வாவாவுக்கும் சூ செயின்ட் மேரிக்கும் இடையில மொன்றியல் ரிவர் எண்டு ஒரு இறக்கம் இருக்கு, ஆத்தங்கரை மட்டும் இறங்கித் திரும்ப ஏற வேணும், குளிர்காலத்தில அதில ட்ரக்குகள் சிக்கிப் பாதை மூடுறது எங்களுக்குப் புதினமில்லை. விடியப்புறம் மூண்டு மணி, நாப்பதாயிரம் றாத்தல் பேப்பர் ரோல், தம்பி அந்த இறக்கத்துக்கு வாறான். ஸ்கூல்ல சொன்னது நினைவு வந்து வேகத்தைக் குறைக்க எஞ்சின் பிரேக்கைப் போட்டிருக்கிறான். காய்ஞ்ச ரோட்டில அது சரி. ஐஸ் பிடிச்ச ரோட்டில எஞ்சின் பிரேக் ட்ரைவ் டயரை மட்டும்தான் இழுத்துப் பிடிக்கும், அது பிடி விட்டால் பின்னால வாற ட்ரெய்லர் தள்ளத் தொடங்கும், அப்பிடித்தான் ட்ரக் கத்தி மடியிற மாதிரி மடியிறது. அவனுக்குப் பின்பக்கம் ஒருக்கா இடப்பக்கமா நழுவினது. கண்ணாடியில ட்ரெய்லரின்ர பக்க லைட் வரிசை மெல்ல மெல்ல அகண்டு தெரிஞ்சது எண்டு சொன்னான், அந்த அம்பர் லைட்டுகள் ஒண்டொண்டா வெளியில வந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குதாம். கடவுள் புண்ணியம், பயந்து எஞ்சின் பிரேக்கையும் விட்டு காலையும் எடுத்திட்டான், அதுதான் செய்யவேண்டியது எண்டு தெரியாமலே. ட்ரெய்லர் நேராகிட்டுது. கோச் எழும்பேல்லை.

இறக்கத்துக்கு முதலே கியரைக் குறைச்சு மெல்ல இறங்க வேணும், வழுக்கிற ரோட்டில எஞ்சின் பிரேக்கைத் தொடாதே, இது ரெண்டு வசனம்தான். பக்கத்தில ஒரு ஆள் முழிச்சிருந்து சொல்லியிருந்தால் காணும்.

சோக்குக் கட்டியும் ரெண்டு பிரேக்கும்

ரெண்டாவது கிழமை தனிய. மொன்றியல் ரெண்டு தரம். மூண்டாவது கிழமை மொன்றியல் ஒருக்கா, பிறகு விண்ட்சருக்கு ஒரு லோட். யார்ட்டில அவனுக்குக் குடுத்த ட்ரெய்லர் பழசு, மட்பிளாப் ஒண்டு கிழிஞ்சது, பிரேக் இறுகி சில்லு வழுக்காமல் பாக்கிற ஏபிஎஸ்ஸில பிழை எண்டு காட்டுற லைட் அணையாமல் எரிஞ்சுகொண்டு இருந்தது. லோட் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்பாட்ச்சருக்குப் போன் அடிச்சுச் சொன்னான். "அது அப்பிடித்தான் எரியும், இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில எல்லாம் ஓகே எண்டு போட்டிட்டு வெளிக்கிடு, அப்பொயின்ட்மென்ட் பதினொரு மணிக்கு." போட்டிட்டு வெளிக்கிட்டான், தன்ர கையெழுத்தில.

401ஆம் ஹைவேயில ஒன்ராறியோ லண்டனுக்கு முன்னால புட்னம் ஸ்கேல், ட்ரக்கை நிறுத்துச் சோதிக்கிற இடம். உள்ள கூப்பிட்டிட்டினம். ஒஃபிசர் கீழ படுத்து சோக்குக் கட்டியால பிரேக்கைத் தள்ளுற ஒவ்வொரு புஷ்றொட்டிலயும் ஒரு கோடு போட்டார், எஞ்சினை நிப்பாட்டி காத்தை 90க்கும் 100க்கும் இடையில கொண்டு வந்து பிரேக்கை முழுசா அமத்திப் பிடிக்கச் சொன்னார். தம்பி உள்ள இருந்து அமத்திக்கொண்டு இருக்கிறான், வெளியில டேப்பின்ர சத்தம் மட்டும் கேக்குது. சாதாரண டைப் 30 சேம்பர் (காத்தால அந்த புஷ்றொட்டைத் தள்ளுற டப்பா) எண்டால் அந்தக் கோடு ரெண்டு இஞ்சிக்கு மேல வெளியில வரப்படாது, லோங் ஸ்ட்ரோக் எண்டால் ரெண்டரை. ட்ரெய்லரில ரெண்டு பக்கம் ரெண்டே முக்கால் கிட்ட வந்திட்டுது, ரெண்டும் சாதாரண சேம்பர்.

இதில ஒரு கணக்கு இருக்கு, ஒவ்வொரு ட்ரைவரும் மனசில வைச்சிருக்க வேணும். ஐஞ்சு அக்சில் ட்ரக் ட்ரெய்லருக்குப் பத்து பிரேக். அளவுக்கு மேல கால் இஞ்சி அல்லது அதைவிடக் கூடப் போனால் அது ஒரு பழுதான பிரேக். இருபது வீதம் பழுது எண்டால் வண்டி அவுட் ஒஃப் சர்விஸ், அந்த இடத்திலயே நிக்க வேணும். பத்தில ரெண்டு எண்டால் இருபது வீதம். நிண்டுது. மொபைல் மெக்கானிக் வர நாலரை மணித்தியாலம். அப்பொயின்ட்மென்ட் போட்டுது. பழுதைப் பாக்காமல் ஓகே எண்டு கையெழுத்து வைச்சதுக்கு டிக்கெட், அது கொம்பனிக்கு இல்லை, அவன்ர பேரில, அவன்ர ட்ரைவர் அப்ஸ்ட்ராக்டில, அதாவது ஓட்டப் பதிவில, ஏறுறது. புது ட்ரைவரின்ர அப்ஸ்ட்ராக்ட் எண்டது அவன்ர ஒரே ஒரு சொத்து.

ஸ்கேல்ல நிண்டுகொண்டுதான் எனக்கு அடிச்சவன். அவன் அழேல்லை, ஆனால் குரல் ஒரு மாதிரி. "அண்ணை, நான் லைட் எரியுது எண்டு சொன்னனான் அண்ணை" எண்டதைத் திருப்பித் திருப்பி மூண்டு நாலு தரம் சொன்னான். போனில சொன்னதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. டெக்ஸ்ட் எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

மூண்டு கிழமைக்கு 299 டொலர் 40 சதம்

அந்தச் சம்பளத் துண்டை நான் என்ர கையில வைச்சுப் பாத்தனான், கொம்பனிப் பேர் கூட அடிக்காத ஒரு எக்செல் தாள். மொன்றியல் மூண்டு ட்ரிப் 2,010 மைல், விண்ட்சர் ஒண்டு 460 மைல், எல்லாமா 2,470. 52 சதப்படி 1,284 டொலர் 40 சதம். அதில மெக்கானிக்குக்கு எண்டு 485 வெட்டு. "டிப்பொசிட்" எண்டு 500 வெட்டு, ஆறு மாசம் நிண்டால் திருப்பித் தருவினமாம். மிச்சம் 299.40. வினிபெக் போய் வந்ததுக்கு ஒண்டுமில்லை. ஸ்கேல்ல நிண்டதுக்கு ஒண்டுமில்லை. மொன்றியல்ல ஒரு டொக்கில ஐஞ்சரை மணித்தியாலம் காத்திருந்ததுக்கும் ஒண்டுமில்லை. ஸ்கூல் கடனுக்கு மாசக் கட்டுக்காசு அதைவிடக் கூட.

இதுக்குள்ளதான் அந்தக் "கோர்ப்பரேஷன் பதிஞ்சு வா" விசயம் கிடக்கு. இஞ்ச அதுக்கு ட்ரைவர் இன்க் எண்டு பேர். கொம்பனியின்ர ட்ரக், கொம்பனியின்ர டீசல், கொம்பனி சொல்லுற லோட், கொம்பனி சொல்லுற நேரம், ஆனால் நீ "தனி பிசினஸ்". முழுக் காசு கையில வாறமாதிரித் தெரியும். நடக்கிறது என்னெண்டால் வேலை குடுக்கிறவர் கட்டவேண்டிய சிபிபி எண்ட ஓய்வூதியப் பங்கை, ஈஐ எண்ட வேலையிழப்புக் காப்புறுதிப் பங்கை அவர் கட்டேல்லை, நாலு வீத லீவுக்காசு இல்லை, சட்ட விடுமுறைச் சம்பளம் இல்லை, மாகாணம் தாண்டி ஓடுற கொம்பனிகள் சமஷ்டித் தொழிற்சட்டத்துக்குக் கீழ வாறதால 2022 டிசம்பர் 1இல இருந்து வருசத்துக்குப் பத்து நாள் வரைக்கும் சம்பளத்தோட சுகயீன லீவு சேர்க்கலாம், அதுவும் இல்லை. கை முறிஞ்சால் டபிள்யுஎஸ்ஐபி எண்ட வேலைக்காயக் காப்புறுதியும் அனேகமா இல்லை. பிறகு வரிக்காரர் பாத்து "இது பிசினஸ் இல்லை, நீ வேலைக்காரன் மாதிரித்தான்" எண்டு தீர்மானிச்சால் அதைத் தனிநபர் சேவை பிசினஸ் எண்டு வைச்சு சின்ன பிசினஸுக்கு இருக்கிற வரிச்சலுகையை எடுத்துப்போடுவினம், ஒன்ராறியோவில அந்த வருமானத்துக்கு 44.5 வீதம், செலவு கழிக்கிறதும் அனேகமா ஏலாது. வரி வெட்ட மாட்டம் எண்டு சொன்ன ஓனர் அண்டைக்குப் பக்கத்தில நிக்க மாட்டார்.

சட்டம் தூங்கிக்கொண்டு இருக்கு எண்டும் இல்லை. 2021 ஜனவரியில இருந்து வேலைக்காரனை வேலைக்காரன் இல்லை எண்டு காட்டுறது கனடாத் தொழிற்கோவையில தடை. 2024 ஜூன் 20இல அதை இன்னும் இறுக்கி, சம்பளம் வாங்கிற ஆள் வேலைக்காரன் எண்டுதான் முதல்ல எடுத்துக்கொள்ளுறது, இல்லை எண்டால் முதலாளிதான் நிரூபிக்க வேணும் எண்டு ஆக்கினவை. ஆனால் முறைப்பாடு குடுக்கிற ஆள் வேணுமே. எங்கட ஆக்கள் தெரிஞ்ச ஆள் மூலமா வேலைக்குப் போறதால, "அந்த அண்ணைக்குக் கெட்டபேர் வரும்" எண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறம். எனக்கு இதில சரியான கோவம். வேலை எடுத்துத் தந்த அண்ணை நல்ல மனசோடதான் செய்தவர், அந்த நல்ல மனசை வைச்சுத்தான் கொம்பனி பெடியளைப் பிடிக்குது.

ஏன் ஹம்போல்ட் பற்றி அவனுக்குச் சொன்னனான்

299 டொலர் துண்டுக்குப் பிறகும் அவன் விடுறதா இல்லை. "ஒரு ஆறு மாசம் பல்லைக் கடிச்சால் அனுபவம் வந்திடும் அண்ணை." ஜனவரியில தனிய வினிபெக் போகச் சொல்லி லோட் போட்டிருந்தினம். அண்டைக்கு இரவு நான் அவனை ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில இருத்தி வைச்சு ஹம்போல்ட்டைப் பற்றிக் கதைச்சன்.

2018 ஏப்ரல் 6, சஸ்காச்சுவான், 35ஆம் ஹைவேயும் 335ஆம் ஹைவேயும் சந்திக்கிற இடம். ஹம்போல்ட் ப்ரொங்கோஸ் எண்ட ஹொக்கி டீமின்ர பஸ்ஸுக்குக் குறுக்கால ஸ்டொப் சைனில நிக்காமல் ஒரு ட்ரக் வந்தது. 16 பேர் செத்து 13 பேர் காயம். அந்த ட்ரைவர் இளம் ஆள், இந்தியாவில இருந்து வந்த பிஆர். கால்கரியில ஒரு சின்னக் கொம்பனி, ரெண்டு கிழமை ஓனரோட ஓடிப் பழகி, பிறகு தனிய விட்டவை, பீட் மொஸ் ஏத்தின சூப்பர் பி, அதாவது ரெண்டு ட்ரெய்லர் தொடுத்த வண்டி. பின்னால தார்ப்பாய் கழண்டு அடிச்சுக்கொண்டு இருந்ததாம், கண்ணாடியில அதைப் பாத்துக்கொண்டு வந்ததில மின்னிக்கொண்டு நிண்ட சிவப்பு லைட்டையும் அதுக்கு முதல் இருந்த எச்சரிக்கைப் பலகையளையும் கவனிக்கேல்லை. நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில அதுக்கு முந்தின பதினொரு நாள்ல ஓட்ட நேரம் எழுதிற லொக், ட்ரிப் இன்ஸ்பெக்ஷன் எண்டு எழுபது விதிமீறல். அந்த அறிக்கையின்படி அண்டைக்கு ஆரும் மறிச்சுப் பாத்திருந்தால் அவரை ரோட்டில இருந்து இறக்கியிருப்பினம்.

அவருக்கு எட்டு வருசச் சிறை. நாங்கள் கதைச்சதுக்குப் பிறகு, 2024 மே மாதம், நாடு கடத்தச் சொல்லி உத்தரவு. கொம்பனி ஓனருக்கு ஐயாயிரம் டொலர் தண்டம். 

குற்றம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை, அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டவர், பதினாறு வீட்டில ஒரு ஆள் இல்லை. தம்பிக்கு நான் காட்டினது வேற. புது ஆள், சின்னக் கொம்பனி, ரெண்டு கிழமை, பிறகு சாவி. நழுவின ட்ரெய்லர், ஓகே போட்ட ஷீட். அவனுக்கு அந்த அம்பர் லைட் நினைவு வந்திருக்க வேணும், கோப்பியை அப்பிடியே வைச்சிட்டு இருந்தான். ஹம்போல்ட் நடக்கேக்க சஸ்காச்சுவான்ல கட்டாயப் பயிற்சி இல்லை, 2019 மார்ச்சிலதான் 121.5 மணித்தியாலம் எண்டு கொண்டு வந்தவை. ஒன்ராறியோவில எங்களுக்கு இருந்தது. இருந்தும் அவன் மொன்றியல் ரிவர் இறக்கத்தில தனியத்தான் இருந்தவன்.

அடுத்தநாள் காலமை டிஸ்பாட்ச்சருக்கு டெக்ஸ்ட் போட்டான், வினிபெக் போகேல்லை, சாவி ஓஃபிஸ்ல வைச்சிட்டன் எண்டு. இந்த முறை எழுத்தில.

என்ன பாத்திருக்க வேணும்

இதை அவனோட இருந்து பின்னோக்கிப் பாத்தம். அந்தக் கொம்பனியைச் சேர முதலே அறிஞ்சிருக்க ஏலுமா? ஏலும், ஐஞ்சு டொலரோட. ஒன்ராறியோவில எந்தக் கொம்பனியின்ர சிவிஓஆர் எண்ட பாதுகாப்புப் பதிவின்ர லெவல் ஒண்டு அப்ஸ்ட்ராக்டையும் ஆரும் ஐஞ்சு டொலர் கட்டி எடுக்கலாம், ரேட்டிங் இருக்கும், எத்தினை வண்டி, எத்தினை இன்ஸ்பெக்ஷன், அதில எத்தினை அவுட் ஒஃப் சர்விஸ் எண்டெல்லாம் வரும். அமெரிக்காவுக்கும் ஓடுற கொம்பனி எண்டால் ட்ரக் கதவில இருக்கிற யுஎஸ் டொட் நம்பரை வைச்சு அங்கத்த அரசாங்கத்தின்ர சேஃபர் தளத்தில ஒரு சதமும் இல்லாமல் பாக்கலாம், கொம்பனியின்ர அவுட் ஒஃப் சர்விஸ் வீதமும் நாட்டுச் சராசரியும் பக்கத்தில பக்கத்தில போட்டிருப்பினம், கடைசி 24 மாச விபத்தும் இருக்கும். இந்தக் கொம்பனியின்ர அப்ஸ்ட்ராக்டைப் பிறகு எடுத்துப் பாத்தம். ரேட்டிங் "கண்டிஷனல்". புது ஆள் அந்தச் சொல்லைக் கண்டாலே திரும்பி வர வேணும்.

அடுத்தது யார்ட். இன்டர்வியூவுக்குப் போகேக்க ஓஃபிசுக்குள்ள இருந்து கதைச்சிட்டு வராதைங்கோ, யார்ட்டில பத்து நிமிசம் நில்லுங்கோ. ட்ரெய்லர் டயரைப் பாருங்கோ, மட்பிளாப்பைப் பாருங்கோ, வெளிக்கிடுற ட்ரைவர் ட்ரக்கைச் சுத்தி நடக்கிறாரா, ஏறி உடன ஓடுறாரா எண்டு பாருங்கோ. புகை பிடிச்சுக்கொண்டு நிக்கிற ட்ரைவரிட்ட மெல்லமாக் கேளுங்கோ, "பழுது எண்டு எழுதினால் என்ன செய்வினம் அண்ணை?" எண்டு. அவர் சொல்லுற பதிலைவிட அவர் முதல்ல ஓஃபிஸ் பக்கம் திரும்பிப் பாக்கிறாரா எண்டது உங்களுக்குக் கனக்கச் சொல்லும்.

மைலுக்கு எத்தினை சதம் எண்டதை ஆக்கள் முதல் கேக்கினம், நான் கடைசியாக் கேக்கச் சொல்லுவன். கோச்சுக்கு எத்தினை வருச அனுபவம், எத்தினை கிழமை, அந்த நாளுக்கும் சம்பளமா, நான் ஓடேக்க அவர் பக்கத்து சீட்டிலயா படுக்கையிலயா? டொக்கில காத்திருக்கிறதுக்கு எத்தினையாம் மணித்தியாலத்தில இருந்து காசு? ரோட் மூடி நிண்டால் லேஓவர் எண்ட காத்திருப்புக் காசு எவ்வளவு? ஓட்ட நேரத்தைத் தானாப் பதியிற ஈஎல்டி மெசின் ஆற்ற பேரில, எடிட் பண்ணச் சொல்லிக் கேப்பினமா? கனடாவில 2023 ஜனவரி 1இல இருந்து ஈஎல்டி இல்லாட்டில் தண்டம், ஒரு நாளில 13 மணித்தியாலம் ஓட்டம், 14 மணித்தியாலம் வேலை, அதுக்கு மேல ஓடச் சொல்லுற ஆள் ஆரோ ஒருத்தரின்ர லொகினைத் தருவார், அதை வாங்கிப்போட்டால் அதுக்குப் பிறகு எல்லாம் உங்கட தலையில. தனிய முதல் குளிர்காலம் எங்க அனுப்புவியள்? இதுக்கு "எங்க லோட் இருக்கோ அங்க" எண்டு பதில் வந்தால் எழும்பி வாங்கோ.

எங்கட ஆக்களுக்கெண்டு ஒரு விசயம். பிஆர் வைச்சு இலங்கைப் பாஸ்போர்ட்டோட இருக்கிற ஆளுக்கு அமெரிக்கா போக விசா வேணும். அது இல்லாட்டில் பெரிய கொம்பனிகள் கன பேர் எடுக்க மாட்டினம், கனடாவுக்குள்ள மட்டும் ஓடுற வேலை எண்டால் அனேகமா வடக்கு ஒன்ராறியோவும் மேற்கும், அதாவது அனுபவம் ஆகக் குறைஞ்ச ஆள் ஆகக் கடுமையான ரோட்டுக்குப் போறான். அதனால விசாவுக்கு நேரத்தோட போடுங்கோ, அது கிடைக்கும்வரை 401ஐ விட்டு வெளியில போகாத வேலை, மொன்றியல், ஒட்டாவா, விண்ட்சர் போற வேலையாப் பாருங்கோ. லீஸ் எடுத்து ட்ரக்கைச் சொந்தமாக்கலாம் எண்டு முதல் வருசம் ஆரும் சொன்னால் அந்தக் கதைக்கே போகாதைங்கோ.

பிறகு

அவன் அந்த ஷண்ட் வேலைக்குத்தான் போனான், பிராம்ப்டன்ல. மூக்கைச் சுளிச்சுக்கொண்டு போனவன், "லைசென்ஸ் எடுத்து யார்ட்டுக்குள்ள சுத்துறதோ" எண்டு. ஒரு இரவில நாப்பது ஐம்பது தரம் பாக் அடிச்சால் மூண்டு மாசத்தில கை தானாப் பழகும், ஸ்கூல்ல அது ஒருநாளும் வராது. அந்த மூண்டு மாசத்துக்கும் டி4, ஒவ்வொரு வெள்ளியும் சம்பளம். அதுக்குள்ள சமஷ்டித் தொழிற்பகுதிக்குச் சம்பள முறைப்பாடும் குடுத்தம், சம்பளம் வரவேண்டிய திகதியில இருந்து ஆறு மாசத்துக்குள்ள குடுக்க வேணும் எண்டதை மறக்காதைங்கோ. கோர்ப்பரேஷன் பதிய முதலே விட்டிட்டு வந்தது அவனுக்கு உதவினது. டிஸ்பாட்ச் டெக்ஸ்ட் எல்லாம், ஈஎல்டிப் பதிவு, அந்த எக்செல் தாள், எல்லாத்தையும் படம் பிடிச்சு வைச்சிருந்தான். எட்டு மாசம் இழுபட்டு, வெட்டின 985உம் வினிபெக் ட்ரிப்புக்குக் கொஞ்சமும் வந்தது. டிக்கெட் மட்டும் அப்ஸ்ட்ராக்டில நிண்டுது, அதாலயே ரெண்டு கொம்பனி அவனை எடுக்கேல்லை.

2024 வைகாசியில அந்த முதல் சொன்ன பெரிய கொம்பனியின்ர அடுத்த வகுப்பில சேந்தான். டிக்கெட்டைப் பற்றிக் கேட்டவை, மறைக்காமல் நடந்ததைச் சொல்லி, ரோட் டெஸ்டில ட்ரெய்லருக்குக் கீழ எங்க பாக்க வேணும் எண்டு தானே குனிஞ்சு காட்டினானாம், பொக்கெற்றுக்குள்ள இருந்து சோக்குக் கட்டி எடுத்து. ஆறு கிழமை கோச்சோட, கோச் இருபத்திரண்டு வருசம் ஓடின ஒரு நியூஃபவுண்ட்லாண்ட் மனிசன், பக்கத்து சீட்டில முழிச்சிருந்தவர்.

போன குளிர்காலம் விடியப்புறம் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. வாவாவில நிக்கிறான், 17 மூடியாச்சு. டிஸ்பாட்ச் அவனுக்கு அனுப்பினதைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தான், ரோட் திறந்தாப்போல பாப்பம், கஸ்டமருக்கு நாங்கள் சொல்லுறம், லேஓவர் போட்டாச்சு, நித்திரை கொள்ளு எண்டு. கீழ தன்ர பக்கத்தால ஒரு வரி: "அண்ணை, ட்ரக்கைச் சுத்திப் பாத்திட்டன், ஹீட்டர் வேலை செய்யுது, படுக்கப் போறன்."